மஞ்சள் காமாலை: குணமாக்குவது கீழாநெல்லியா, நம் ரத்தமா?

"கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடி, சரியாயிடும்." கண் மஞ்சளானால் ஆட்டையாம்பட்டி பக்கம் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். சில வாரங்களில் பலருக்குச் சரியாகியும் விடுகிறது. அப்போ மருந்து வேலை செய்ததா?

கல்லீரலைத் தாக்குவது யார்?

ஹெபடைடிஸ் ஏ, பி வைரஸ்கள் கல்லீரல் செல்லுக்குள் புகுந்து பெருகும். ஆனால், பொதுவாக அவையே செல்லைக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்து அழிப்பது, ரத்தத்தில் சுற்றும் நம்முடைய டி செல்கள்தான். செல் உடையும்போது எஸ்ஜிபிடி என்சைம் ரத்தத்தில் கொட்டுகிறது. வழக்கமாக 40-ஐ ஒட்டி இருக்கும் அளவு, ஆயிரத்தைத் தாண்டுவது இதனால்தான். அதாவது, கண் மஞ்சளாகும் நேரத்தில் உடல் ஏற்கெனவே திருப்பி அடிக்கத் தொடங்கியிருக்கும்.

ரத்தம் சொல்லும் சாட்சி

கூடவே ஆன்டிபாடிகளும் உருவாகின்றன. ஐஜிஎம் இருந்தால் புதிய தொற்று. பிறகு வரும் ஐஜிஜி, ஹெபடைடிஸ் ஏ-வில் ஆயுள் முழுக்கக் காக்கும்.

டெல்லியில் 1955-56-ல் சாக்கடை கலந்த குடிநீரால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. ஹெபடைடிஸ் ஏ என்றே நினைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் அது வேறு வைரஸ் என்று தெரிந்தது. இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் இ.

கீழாநெல்லி ஆய்வு என்ன ஆனது?

1988-ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸை நீண்டகாலம் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து, 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாக 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

ஆபத்து எங்கே?

மூலிகை குடிப்பதைவிட, "அதான் மஞ்சள் இறங்கிடுச்சே" என்று டெஸ்ட் எடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. ஹெபடைடிஸ் பி சத்தமில்லாமல் தங்கி, பின்னாளில் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் இ உயிரையே பறிக்கலாம். காமாலையோடு குழப்பம், அதிக தூக்கம், ரத்தக்கசிவு இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி, சி-க்குப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். இந்தத் தகவல் கீழாநெல்லி அளவுக்கு ஊரெல்லாம் தெரிய வேண்டும். அதைக் கொண்டுசேர்ப்பது சுகாதாரத் துறையின் பொறுப்பு. முதலில் ரத்தப் பரிசோதனை, மற்றதெல்லாம் அப்புறம்.