பூசணத்தின் தலையில் ஏற்றிய பழி

தாவர நோயியல் பயிலும் எவரைக் கேட்டாலும் விடை ஒரே வரியில் வரும்: 1943 வங்கப் பஞ்சத்துக்குக் காரணம் நெல்லின் பழுப்பு இலைப்புள்ளி நோய். அயர்லாந்துக்கு உருளைக்கிழங்குக் கருகல், வங்கத்துக்கு ஹெல்மின்தோஸ்போரியம் ஒரைசே. (அப்பூசணத்தின் பெயரே இன்று பைபோலாரிஸ் ஒரைசே என மாறிவிட்டது, விடை மட்டும் மாறவில்லை.) சென்ற வாரம் விடைத்தாள் திருத்துகையில் இவ்வரிக்கு நானும் முழு மதிப்பெண் இட்டேன். அந்த உறுத்தலே இப்பதிவு.

இவ்வரியின் மூலம் எஸ். ஒய். பத்மநாபன் 1973இல் எழுதிய கட்டுரை. பாங்குரா, சின்சுரா ஆகிய இரு ஆய்வு நிலையங்களின் விளைச்சலை ஒப்பிட்டு, 1942இல் சில இரகங்களில் இழப்பு 90 விழுக்காடு வரை சென்றதை அவர் காட்டினார். அத்தரவை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நிலையங்களின் வயல்கள் ஒரு மாகாணம் முழுவதற்கும் சான்றாகுமா? ஒரே ஓர் இடத்தில் சோதனை நடத்திவிட்டு மாநிலத்துக்கே பரிந்துரை எழுதும் மாணவரை நாம் ஆய்வேட்டுத் தேர்வில் விட்டுவைப்போமா?

1943இன் அரிசி இருப்பு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941ஐவிட 13 விழுக்காடு மிகுதி என்றும் அமர்த்தியா சென் கணக்கிட்டார். அவர் நம்பிய அரசுப் புள்ளிவிவரங்களே ஐயத்துக்குரியவை என்போர் உண்டு. அவ்வாதத்தில் வலு இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். நோய் விளைச்சலைக் கடுமையாகக் குறைத்தது என்றே கொள்வோம். பத்துப் பேருக்கு மேல் ஏற்றும் படகுகளைப் பறிமுதல் செய்தது எந்த வித்து? கல்கத்தாவின் தொழிற்சாலைகளுக்கு மலிவு அரிசியை ஒதுக்கிவிட்டு, ஊர்ப்புறத்துக் கூலியாளையும் மீனவரையும் சந்தை விலைக்கு இரையாக்கியது எந்தப் பூசண இழை? பர்மா அரிசி நின்றது, 1942 அக்டோபரில் மிதினாப்பூரைப் புயல் சூறையாடியது, போர்க்காலப் பணவீக்கம் பெருகியது. இவை அனைத்தும் நம் பாடநூலின் ஓரத்தில்கூட இல்லை.

இதனினும் கசப்பான ஒன்று உண்டு. இலையில் எள்ளளவாய்த் தோன்றும் இப்புள்ளி, சாம்பல்சத்தும் சிலிக்கானும் குன்றிய மண்ணிலும் நீர் போதாத வயலிலுமே மூர்க்கம் கொள்கிறது. ஏழை உழவரின் நோய் என்றே இதை அழைப்பர். ஆக, நோயின் தீவிரத்திலேயே வறுமையின் கை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வித்துகளை மட்டும் நுண்ணோக்கியில் காட்டுகிறோம்.

முப்பது இலட்சம் வரை மதிப்பிடப்படும் சாவுகளுக்கு இரண்டு மதிப்பெண் வினா போதாது. வினாத்தாள் அமைக்கும் நண்பர்களே, அடுத்த பருவத்தில் ‘காரணம் யாது’ என்பதை நீக்கிவிட்டு, ‘நோயின் பங்கு எவ்வளவு, எச்சான்றால் அறிவோம்’ என்று கேளுங்கள். திருத்தும் பணியை நானே ஏற்கிறேன்.