மணலில் வெந்த கேக்

எங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு பெட்டி இருக்கிறது. விலை ஏழாயிரத்துச் சொச்சம். பெயர் ஓ.டி.ஜி. அதாவது கேக் சுடுகிற மின்சார அடுப்பு. உள்ளே இப்போது அம்மா அப்பளக் கட்டு வைத்திருக்கிறாள். நமுத்துப் போகாமல் இருக்கிறதாம்! பி.காம். பாஷையில் இதற்கு நிலையான சொத்து என்று பேர். எட்டு மாதமாக வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. அவ்வளவு நிலையானது.

தப்பு என்னுடையதுதான். வீட்டிலேயே கேக் செய்து விற்கலாம் என்று என் மனைவிக்கு ஆசை. மாசம் இரண்டாயிரம் வந்தால் பையனுடைய வேன் ஃபீஸுக்கு என்னிடம் கையேந்த வேண்டாம் என்பது அவள் கணக்கு. நான் உணர்ச்சிவசப்பட்டு, தவணையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். முதுகில் எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். 2000 வாட்ஸ். 230ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். தேனியில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் இருப்பதோ மிக்ஸிக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக். ஹவுஸ் ஓனரிடம் பவர் பிளக் கேட்டேன். "போட்டுத் தரலாம் தம்பி. வாடகையில முன்னூறு ஏத்திக்குவோமா?" என்றார். பெட்டி பீரோ மேல் ஏறிவிட்டது.

அவள் விடவில்லை. பழைய குக்கரில் முதல் ஆர்டரைச் செய்தாள். அடுத்த தெருக் குழந்தைக்குப் பிறந்தநாள், ஒரு கிலோ. வந்தது கேக் இல்லை, செங்கல். மெழுகுவத்தி குத்தப் போனால் மெழுகுவத்திதான் உடைந்தது! அட்வான்ஸ் 200 ரூபாயை அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நானும் ஜோக் அடிக்கவில்லை.

மறுநாள் ஆடிட்டிங் நடத்தினேன். யூடியூப் அம்மணி "ஒரு கப் மைதா" என்கிறார். அவர் கப் 240 மில்லி. எங்கள் வீட்டுக் கப் காபி தம்ளர். அது போகட்டும், ஒரே கப்பில் மைதாவை லேசாகத் தூவி நிரப்பி மேலே வழித்துவிட்டால் 120 கிராம் சொச்சம். டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கூட வரும். நாலு கப்புக்கு 100 கிராமுக்கு மேல் வித்தியாசம். செங்கல் வராமல் என்ன வரும்?

ஆகவே முதலில் வாங்க வேண்டியது அடுப்பே இல்லை சார், தராசு! சமையலறை டிஜிட்டல் தராசு 350 ரூபாய்க்கு வாங்கினேன். 5 மில்லி, 15 மில்லி என்று அளவு போட்ட ஸ்பூன் செட் 60. பாத்திரக் கடையில் வட்டமான அலுமினிய டின் 120. பட்டர் பேப்பர் சுருள் 70. மொத்தம் 600. மாவு சலிக்க அம்மாவின் சல்லடை இருக்கிறது. வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கக் கடையில் தனியாகக் கம்பி விற்கிறார்கள். நமக்கெதற்கு? கழுவிய தென்னை ஈர்க்குச்சி போதும். மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடலாம்.

சூட்டு விஷயத்தில் எனக்குக் குரு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கடலை வறுக்கிறவர். "மணலு எதுக்குண்ணே? ஒரு எடத்துல சுட்டு, ஒரு எடத்துல ஆறாம, சூட்டைச் சமமாக் குடுக்கத்தான்" என்றார். குக்கரிலும் அதே சங்கதிதான். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் ஓர் அங்குலம் கழுவிக் காயவைத்த மணல். இல்லையென்றால் தூள் உப்பு. தண்ணீர் கூடாது. பத்து நிமிஷம் காய்ந்ததும், மேலே ஒரு ஸ்டாண்ட் போட்டு டின்னை வைத்து, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். ரிட்டயரான குக்கராக இருக்கட்டும். வெறும் சூட்டில் அடி கோணிப்போகலாம். பிறகு சாதம் வைக்கிறவர்களிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பேக்கிங் பவுடர் பழசா என்று சந்தேகமா? வெந்நீரில் அரை ஸ்பூன் போடுங்கள். புஸ்ஸென்று பொங்கினால் சரி. பொங்காவிட்டால் கேக்கும் பொங்காது.

கம்பம் தாண்டி மலையேறினால் குமுளி, அப்புறம் கேரளா. கேக்கில் அவர்கள் நமக்கு அண்ணன்கள். 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்பார்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் சீமைக் கேக் ஒன்றைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றாராம். அதற்கு அச்சு? தர்மடத்துக் கொல்லரிடம் அடித்து வாங்கினாராம். தவணையில் இல்லை என்பதைக் கவனிக்கவும்.

ருசிக்கு நம் பக்கத்தில் என்ன குறை? போடி ஏலக்காய் நாலு தட்டிப் போட்டாலே தெரு மணக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக முழுப் பழத்தைக் கேக்கில் போட்டுவிடாதீர்கள். விதை இருக்கிறது, பல் டாக்டருக்குத்தான் லாபம். சாறு பிழிந்து, அதில் உலர்திராட்சையை ஊறவைத்துப் போட்டாள். அம்மா இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

போன வாரம் அடுத்த தெருவிலிருந்தே மறுபடி ஆர்டர். அதே வீடு! எடுத்துக்கொண்டு போன அரை மணி நேரமும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. திரும்பி வந்தவள் கையில் முழுப் பணம். உடனே ஒரு நோட்டு எடுத்துக் கணக்கு எழுதினாள். மைதா, முட்டை, வெண்ணெய், காஸ், எல்லாம் கடைசி ரூபாய் வரை. 'டெலிவரி' என்ற வரிக்கு நேரே என் பெயரைப் போட்டு, 'இலவசம்' என்று எழுதி, "இனிமே நீங்கதான் கொண்டு போறீங்க. சரியான்னு பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டினாள்.

போட்டுவிட்டேன்.