பெயருள்ள போத்தலும் பெயரற்ற நண்டும்

ஜெர்மனியின் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை மது மீனுக்கும் நண்டுக்கும் பொருத்தமான துணை என்று உணவு நூலார் எழுதுகின்றனர். ஆலங்குடாக் கரையில் உல்லாச விடுதிகள் எழுந்தபின் இப்பேச்சு நம் காதிலும் விழுகின்றது. கேட்டதும், "முதலாளி வர்க்கத்தின் நாச்சுவை, நமக்கென்ன?" என்று முகஞ் சுளிப்போர் நம் அணியிலும் உளர். இது சோம்பலேயன்றிக் கொள்கையன்று.

இப்பொருத்தம் பொய்யன்று. இனிப்பற்றதென்று பெயர்பெறும் ரீஸ்லிங்கில் லீற்றருக்கு 9 கிராமுக்கு மேல் சீனி இராது, புளிப்போ மிகுதி. அப்புளிப்பு மீனின் கொழுப்பை அறுத்து, நண்டின் இனிமையை மேலெழச் செய்கின்றது. நம் அடுக்களையில் தேசிக்காய்ப் புளியும் கொறுக்காய்ப் புளியும் செய்யும் வேலை இதுவே. மதுவைத் தீண்டாத ஆலங்குடா முஸ்லிம் குடும்பங்கள் இவ்விதியை மதுவின்றியே அறிந்தவை. இன்னொன்று: மிளகாய் உறைக்கும் கறிக்கு இவ்வினிப்பற்ற வகை ஆகாது, மதுச்சத்து எரிவைக் கூட்டும். நண்டுக் கறிக்கும் இதையே நீட்டுபவர் நம் மிளகாயை அறியாதவர்.

ஆயின் அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது? மோசல் ஆற்றங்கரையின் பலகைக்கல் சரிவுகளிலிருந்து. பிரெம் என்னும் ஊருக்கு மேலுள்ள சரிவு ஏறத்தாழ 65 பாகை செங்குத்தானது. இயந்திரம் எளிதில் ஏறாது, மனிதன்தான் ஏறவேண்டும். 1834 இல் சுங்க ஒன்றியம் அமைந்து தென்ஜெர்மனிய மது தடையின்றி உட்புகுந்ததும் மோசல் உழவர் நொடித்தனர். அவர்களது துயரத்தை எழுதிய நிருபரைப் பிரஷ்ய அதிகாரி அவதூறுகாரரென்றார். மறுமொழியாக 1843 ஜனவரியில் கொலோன் நகர்ப் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதியவர், அவ்வாற்றங்கரை நகரான திரியரிற் பிறந்த 24 வயது இளைஞர் கார்ல் மார்க்ஸ். பொருளாதாரப் பிரச்சினைகளை ஆராயத் தம்மைத் தூண்டியவற்றுள் இவ்வுழவர் நிலையும் ஒன்றென்று 1859 இல் அவரே குறித்தார். மதுப் பேச்சு நமக்கு அந்நியம் என்னும் தோழர்கள் இதனை எண்ணிப் பார்ப்பாராக!

இன்று அப்போத்தலின் முகப்பைப் பாருங்கள். விளைந்த ஆண்டு, ஊர், பல வேளைகளில் சரிவின் பெயர், போத்தலிலடைத்தவர் பெயர். 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தரமான மதுவுக்கு அரசாங்கப் பரிசோதனை இலக்கமும் உண்டு. அருகே கோப்பையிற் கிடக்கும் நண்டுக்கு என்ன உண்டு? "இன்றைய கடலுணவு" என்ற ஒரு சொல். பிடித்தவன் எவன்? எக்கரை? என்ன விலை பெற்றான்?

ஆலங்குடாவிலோ இக்கேள்வி இன்னும் கூர்மையுடையது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் இங்கே ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். அண்டையூரான நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் எழுந்தது. கரைவலைக்காரனை வீட்டிலிருத்தும் சோளகக் காற்றே, பட்டங் கட்டிக் கடலிற் சறுக்குவோர்க்குப் பருவமாயிற்று. கரைக்கு வரும் விருந்தினன் பெயர் விடுதிப் பதிவேட்டில் ஏறுகின்றது. கரையில் உழைப்பவன் பெயரோ எங்கும் ஏறுவதில்லை.

சட்டத்தால் இயலாதென்று எவரும் சொல்லவேண்டாம். இலங்கைக் கறுவாவின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்துள்ளது. பட்டைக்குக் கிடைத்த பெயர் நண்டுக்கும் பாரைக்கும் ஏன் கிடைக்கலாகாது? விடுதியின் உணவுப் பட்டியலில் மதுவின் ஊருக்கு நேரே மீனின் ஊரும், வலைக்காரன் பெற்ற விலையும் அச்சாகட்டும். அதுவரை எந்தப் போத்தல் எந்த மீனுக்குப் பொருந்தும் என்ற கேள்விக்கு ஆலங்குடாவில் நாம் விடை கூறமாட்டோம்.