பழைய வாகனங்களும் மலிவு விலை எஞ்சின் ஒயிலும்: ஆபத்து எங்கே இருக்கின்றது?

இலங்கையின் வீதிகளில் ஓடுகின்ற வாகனங்களின் வயது ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே செல்கின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் நோக்கில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரியிலேயே தனியார் பாவனை வாகனங்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் இறக்குமதி வரிகளின் சுமை காரணமாகப் புதிய வாகனமொன்றை வாங்குவது நடுத்தர வர்க்கத்தினருக்கு எட்டாக்கனியாகவே இருந்து வருகின்றது. இதன் விளைவாக, தொண்ணூறுகளிலும் அதற்குப் பிந்திய பத்தாண்டிலும் தயாரிக்கப்பட்ட கார்களும் வான்களும் முச்சக்கர வண்டிகளும் லொறிகளுமே இன்னமும் பெருந்தொகையான குடும்பங்களின் சோற்றுக்கு வழிசெய்து கொண்டிருக்கின்றன.

இவ்வாகனங்களைப் பேணும் செலவோ மறுபுறத்தில் உயர்ந்து நிற்கின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ச்சியடைந்தபோது, இறக்குமதியில் தங்கியிருக்கும் உதிரிப்பாகங்களின் விலைகளும் எஞ்சின் ஒயிலின் விலையும் ஒருசேர ஏறின. அப்போது ஏறிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இந்நிலையில், அதிகம் கேள்விப்படாத பெயர்களில் சுப்பர் மார்க்கட்டுகளிலும் உதிரிப்பாகக் கடைகளிலும் வைக்கப்பட்டிருக்கும் விலை குறைந்த ஒயில் கலன்களை நோக்கி வாகன உரிமையாளரின் கை நீளுவது இயல்பானதே.

மலிவான ஒயிலை ஊற்றினால் எஞ்சின் நாசமாகிவிடும் என்று ஒரு சாரார் எச்சரிக்கின்றனர். எல்லாம் ஒரே எண்ணெய்தான், பெயருக்கே காசு என்று மறுசாரார் வாதிடுகின்றனர். இவ்விரண்டு கருத்துகளும் அரைகுறை உண்மைகளே. ஆபத்து விலையில் இல்லை. கலனுக்குள் இருப்பது எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதைப் பாவனையாளர் அறிந்துகொள்ள முடியாத நிலையிலேயே அது இருக்கின்றது.

எஞ்சின் ஒயில் என்பது தனியொரு எண்ணெயல்ல. அதில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். எஞ்சிய பகுதி, எஞ்சினைத் துப்புரவாக வைத்திருத்தல், அழுக்கைப் படியவிடாது மிதக்கச் செய்தல், உலோகத் தேய்மானத்தைத் தடுத்தல், வெப்பத்தினால் ஒயில் கெட்டுப்போகாது காத்தல் போன்ற பணிகளைச் செய்யும் இரசாயனச் சேர்க்கைகள். உலகச் சந்தையில் இச்சேர்க்கைகளில் மிகப் பெரும்பகுதியை லூப்ரிசோல், இன்பினியம், அப்டன், செவ்ரோன் ஒரோனைட் ஆகிய நான்கு நிறுவனங்களே தயாரித்து வழங்குகின்றன. எனவே புகழ்பெற்ற பெயரைக் கொண்ட ஒயிலிலும், பெயர் தெரியாத ஒயிலிலும் ஒரே நிறுவனத்தின் சேர்க்கைகள் கலந்திருப்பது சாத்தியமே. விளம்பரம், விநியோக வலையமைப்பு, முகவர் இலாபம் என்பன விலை வித்தியாசத்தில் கணிசமான பங்கை வகிக்கின்றன. உரிய தரத்தைப் பூர்த்தி செய்யும் மலிவான ஒயில், அந்தத் தரம் கோரப்படும் வாகனத்துக்குப் பாதுகாப்பானதே.

அப்படியாயின் உரிய தரம் எது? அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் வகுத்துள்ள ஏ.பி.ஐ. தர வரிசையே உலகெங்கும் பெரிதும் பின்பற்றப்படுகின்றது. பெற்றோல் எஞ்சின்களுக்கு எஸ் என்ற எழுத்துடனும், டீசல் எஞ்சின்களுக்கு சி என்ற எழுத்துடனும் இவ்வரிசை தொடங்குகின்றது. அடுத்து வரும் எழுத்து அகர வரிசையில் எவ்வளவு தள்ளிச் செல்கின்றதோ அவ்வளவுக்கு அது பிந்திய தரமாகும். எஸ்.ஏ. என்பது சேர்க்கைகள் எவையுமற்ற ஒயில். 1930ஆம் ஆண்டுக்குப் பின்னர் தயாரிக்கப்பட்ட பெரும்பாலான பெற்றோல் எஞ்சின்களுக்கு அது பொருந்தாதென அந்நிறுவகமே எச்சரிக்கின்றது. எஸ்.எப். தரம் 1988ஆம் ஆண்டுக்குப் பிந்திய எஞ்சின்களுக்கு உகந்ததல்ல. எஸ்.எல்., எஸ்.எம்., 2010இல் வந்த எஸ்.என்., 2020இல் வந்த எஸ்.பி. ஆகியன இன்றும் செல்லுபடியாகும் தரங்களாகும். தொண்ணூறுகளின் ஜப்பானியக் காருக்கு எஸ்.எல். தரத்திலான எளிய ஒயிலே போதுமானது.

காலாவதியான தரங்கள் எங்கோ மறைந்துபோய்விட்டன என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் மலிவு விலைக் கடைகளை நடத்திவரும் டொலர் ஜெனரல் நிறுவனம், தனது சொந்தப் பெயரில் விற்ற ஒயில் தொடர்பில் 2015ஆம் ஆண்டு முதல் பல மாநிலங்களில் வழக்குகளை எதிர்கொண்டது. நவீன கார்களுக்குப் பொருந்தாத பழைய தரத்து ஒயிலை நவீன ஒயில்களுக்கு அருகிலேயே அடுக்கி வைத்து, எச்சரிக்கையை மட்டும் கலனின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது என்பதே பாவனையாளர்களின் முறைப்பாடாகும். அவ்வழக்குகள் 2021இல் இணக்கத்தின் மூலம் முடிவுக்கு வந்தன. சட்டமும் நீதிமன்றமும் பாவனையாளர் அமைப்புகளும் வலுவாக உள்ள ஒரு நாட்டிலேயே இது நிகழ்ந்ததென்றால், நமது நிலையைப் பற்றிச் சிந்திப்பது அவசியமாகின்றது.

தரத்துக்கு அடுத்ததாக நோக்க வேண்டியது தடிப்பு. 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்றவாறு கலனில் காணப்படும் எண்கள் இதனையே குறிக்கின்றன. முதலாவது எண் குளிரில் ஒயில் ஓடும் தன்மையையும், இரண்டாவது எண் எஞ்சின் சூடேறிய நிலையில் ஒயிலின் தடிப்பையும் காட்டுகின்றது. உறைபனி விழும் நாடுகளில் முதலாவது எண் எஞ்சினின் உயிர் போன்றது. நமது நாட்டின் வெப்பத்திலோ இரண்டாவது எண்ணே கூடிய கவனத்துக்குரியது. உலோகப் பகுதிகளுக்கிடையே இடைவெளி கூடிய மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களுக்கும், தேய்ந்து ஒயில் குடிக்கத் தொடங்கிவிட்ட எஞ்சின்களுக்கும் 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஒயில் பொருந்தும். இத்தகைய ஒயில்கள் பெரும்பாலும் விலை குறைந்த கனிம எண்ணெய் வகையைச் சேர்ந்தவையே. ஆனால் அதே ஒயிலை 0டபிள்யூ-20 கோரப்படும் ஹைபிரிட் காரொன்றில் ஊற்றினால், ஒடுக்கமான பாதைகளில் அது விரைந்து செல்லாது. எரிபொருள் செலவும் கூடும். ஒரு வாகனத்துக்கு அமுதமானது இன்னொன்றுக்கு நஞ்சாகலாம்.

புதியதே எப்போதும் சிறந்தது என்ற எண்ணமும் பழைய கார்களின் விடயத்தில் முழுமையாகச் சரியல்ல. புகைபோக்கியில் பொருத்தப்படும் மாசகற்றும் கருவியைப் பாதுகாப்பதற்காக, புதிய தரங்களைச் சேர்ந்த மெல்லிய ஒயில்களில் பொஸ்பரசின் அளவு 0.08 சதவீதத்துக்கு மேற்படாதவாறு மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. தேய்மானத்தைத் தடுக்கும் நாகச் சேர்க்கையிலேயே இப்பொஸ்பரஸ் அடங்கியிருக்கின்றது. பழைய எஞ்சின்களில் வால்வுகளைத் தள்ளும் பகுதிகள் ஒன்றோடொன்று உரசியே இயங்குவதால் அவற்றுக்கு இச்சேர்க்கை கூடுதலாகத் தேவைப்படுகின்றது. 20டபிள்யூ-50 போன்ற தடித்த வகைகளுக்கு மேற்படி வரையறை இல்லை. ஆகவே ஐம்பது ஆண்டு பழைமையான காருக்கு, விலை உயர்ந்த 5டபிள்யூ-30 ஒயிலை விடத் தரமான, மலிவான 20டபிள்யூ-50 ஒயிலே நன்மை பயக்கக்கூடும்.

டீசல் லொறிகளுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் சி.எப்-4, சி.ஐ-4 போன்ற தரங்கள் உள்ளன. கிளட்ச் ஒயிலில் மூழ்கியிருக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கு ஜாசோ எம்.ஏ. என்ற ஜப்பானியத் தரம் உள்ளது. உராய்வைக் குறைப்பதற்கான விசேட சேர்க்கைகள் கொண்ட கார் ஒயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க நேரிடலாம். இவ்விடயங்களை நம் மக்களில் எத்தனை பேர் அறிவர்?

எஞ்சின்களை எவ்வளவு தூரம் இழுத்துப்பிடித்து ஓட்டலாம் என்பதை யாழ்ப்பாண மக்கள் அனுபவத்தில் கண்டவர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காதபோது, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி ஒயிலை மெலியச் செய்யும். அளவுகோலைப் பார்த்தால் ஒயில் குறையாமல் கூடியிருப்பது போலத் தோன்றும். உண்மையில் அதன் காக்கும் வலிமை குன்றியிருக்கும். அந்த நாட்கள் விட்டுச்சென்ற பாடம் இன்றும் பொருந்தும். உள்ளே இருக்கும் ஒயில் எந்த நிலையில் இருக்கின்றதென்பது, அதற்குக் கொடுத்த விலையை விட முக்கியமானது. விலை உயர்ந்த ஒயிலை வாங்கிப் பதினைந்தாயிரம் கிலோமீற்றர் வரை மாற்றாது ஓடுவதிலும் பார்க்க, உரிய தரத்து மலிவான ஒயிலை ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதே பழைய எஞ்சினுக்கு நல்லது.

இதுவரை கூறியவை யாவும், கலனில் எழுதப்பட்டிருப்பதே கலனுக்குள் இருக்கின்றது என்ற நம்பிக்கையின் மீது எழுந்தவை. அந்த நம்பிக்கை தகரும் இடத்திலேதான் உண்மையான ஆபத்து தொடங்குகின்றது. பாவித்துக் கழித்த ஒயிலை வடிகட்டி நிறமூட்டி, புகழ்பெற்ற பெயர்களைக் கொண்ட வெற்றுக் கலன்களில் அடைத்து விற்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட மோசடியாகும். இங்கே கவனிக்க வேண்டியது, போலி தயாரிப்பவர் மலிவான பெயரை அல்ல, விலை உயர்ந்த பெயரையே போலி செய்கின்றார் என்பதாகும். அதிக விலை கொடுத்தால் தப்பிவிடலாம் என்ற எண்ணம் இதனால் பொய்த்துப்போகின்றது. பரலில் இருந்து அளந்து ஊற்றப்படும் ஒயிலின் பிறப்பிடத்தை விற்பவரே சில வேளைகளில் அறியமாட்டார்.

இலங்கையில் ஒரு காலத்தில் எஞ்சின் ஒயில் விநியோகம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கையிலேயே இருந்தது. 1994இல் அதன் உராய்வுநீக்கிப் பிரிவு தனியார்மயமாக்கப்பட்டு, பின்னர் சந்தை படிப்படியாக ஏனைய நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இத்துறை தொடர்பில் அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறும் பொறுப்பு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும், இலங்கை கட்டளைகள் நிறுவகமும் உள்ளன. அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றின் பணி சாதாரண மக்களின் கண்ணுக்குத் தெரியும் வகையில் அமைய வேண்டும் என்பதே நமது எதிர்பார்ப்பு.

முதலாவதாக, தரமும் தடிப்பும் பொருந்தும் வாகன வகையும் கலனின் முன்புறத்தில், பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் குறிப்பிடப்படுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். ஆங்கிலக் குறியீடுகளை மட்டும் அச்சிட்டுவிட்டுப் பாவனையாளர் அறிந்திருக்க வேண்டும் என்று கூறுவது நியாயமாகாது. இரண்டாவதாக, காலாவதியான தரங்களைச் சேர்ந்த ஒயில்களை வாகனங்களுக்கென விற்பது தடை செய்யப்பட வேண்டும். மூன்றாவதாக, கொழும்பு பஞ்சிகாவத்தை முதல் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கல்முனை வரையிலான கடைகளில் மாதிரிகள் பெறப்பட்டு, ஆய்வு முடிவுகள் பெயர்களுடன் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். நேர்மையாக மலிவு விலை ஒயிலை விற்கும் வர்த்தகருக்கும் அதுவே சிறந்த பாதுகாப்பாகும். நான்காவதாக, கழிவு ஒயிலை கராஜ்களில் இருந்து சேகரிக்கும் ஒழுங்கு வலுப்படுத்தப்பட வேண்டும். இது போலி ஒயிலுக்கான மூலப்பொருளைக் குறைப்பதுடன் நிலத்தடி நீரையும் காக்கும். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை வடபகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அரசு செயற்படும் வரை பாவனையாளரும் வாளாவிருக்க வேண்டியதில்லை. வாகனத்தின் கைநூலில் கூறப்பட்ட தரத்தையும் தடிப்பையும் ஒரு துண்டில் குறித்து வைத்துக்கொள்ளலாம். கைநூல் இல்லாவிடின் அனுபவமிக்க மெக்கானிக்கிடம் கேட்டறியலாம். முத்திரை உடையாத கலனையே வாங்கிப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளலாம். வெறுமையான கலனை எறியுமுன் மூடியையும் உடலையும் துளைத்துவிட்டால், அது மீண்டும் போலியின் கைக்குச் செல்லாது.

எஞ்சின் ஒயில் என்பது வசதி படைத்தவர்களின் கவலை என்று அதிகாரிகள் கருதினால் அது பெருந்தவறாகும். வங்கிக் கடனில் முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞருக்கும், விடியற்காலையில் கிழக்கில் இருந்து மீன் ஏற்றிச் செல்லும் லொறி உரிமையாளருக்கும் எஞ்சின் பழுதடைவதென்பது வருமானம் நின்றுபோவதாகும். அவர்கள் மலிவான ஒயிலை வாங்குவது குற்றமல்ல. அந்த மலிவுக்குள் என்ன இருக்கின்றதென்பதை அவர்கள் அறிந்து வாங்குவதற்கு வழிசெய்யாதிருப்பதே குற்றமாகும்.