டார்ச்சுக்குள்ள பூத்த வெள்ளைப் பொடியை ஊதாதீங்க

1/ உளுந்தூர்பேட்டை பக்கம் ராத்திரி டூட்டி பார்க்கிற டாக்டருக்கு டார்ச் லைட்டும் மருத்துவ விஷயம்தாங்க. இருட்டுல கரும்புக்குத் தண்ணி பாய்ச்சப் போறவர் கையில வெளிச்சம் இல்லன்னா, வரப்புல கிடக்கிற கண்ணாடி விரியன் தெரியாது.

2/ போன வாரம் வந்தவரைப் பாம்பு கடிக்கல. பரண்ல மாசக்கணக்கா கிடந்த டார்ச் எரியலன்னு கழட்டியிருக்கார். பேட்டரி கட்டை கசிஞ்சு ஸ்பிரிங் முழுக்க வெள்ளையா பூத்திருக்கு. தட்டிட்டு வாயால ஊதிட்டார். பொடி கண்ணுல விழுந்துடுச்சு. துண்டால தேய்ச்சுக்கிட்டே பஸ் பிடிச்சு வந்து சேர ரெண்டு மணி நேரம். கருவிழியில புண்.

3/ 'ஆல்கலைன்'னு போட்ட கட்டைக்குள்ள இருக்கிறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கடுமையான காரம். அமிலம் பெரும்பாலும் பட்ட இடத்துத் திசுவை உறைய வச்சு அங்கேயே நின்னுடும். காரம் கொழுப்பைக் கரைச்சு உள்ளே இறங்கிக்கிட்டே போகும். அதான் கண்ணுக்கு அவ்வளவு ஆபத்து.

4/ கண்ணுல பட்டா தேய்க்காதீங்க. இமையைத் திறந்து பிடிச்சு, 20 நிமிஷம் சுத்தமான தண்ணி விட்டுக் கழுவுங்க. அதுக்கப்புறம்தான் பஸ். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். அவர் வீட்டு வாசல்லயே கழுவியிருந்தா பாதிப்பு குறைஞ்சிருக்கும்.

5/ "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கலாமே"ன்னு படிச்சவங்க சுலபமா சொல்லிடுறோம். புதுசு வாங்கும் வரைக்கும் அவர் இருட்டுலதான் வயலுக்குப் போவார். என் கருத்து: சுத்தம் பண்ணச் சொல்லிக் கொடுக்கறதும் நம்ம வேலைதான்.

6/ எப்படி?
• கையுறை இல்லன்னா பிளாஸ்டிக் பையைக் கையில மாட்டிக்குங்க. கண்ணாடி போட்டுக்குங்க.
• கட்டையை எடுத்துடுங்க. ஊதவோ தட்டவோ வேண்டாம்.
• ஆல்கலைன்னா, பஞ்சுக் குச்சியில ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்டுத் துடைங்க. லேசா நுரைக்கும். (இது டார்ச்சுக்கு மட்டும். கண்ணுக்குத் தண்ணி மட்டும்தான்!)
• சாதாரண கார்பன் கட்டைன்னா கசிவுல லேசான அமிலத்தன்மை இருக்கும். அதுக்கு ஆப்ப சோடா கரைச்ச தண்ணி.
• ஈரத்துணியால துடைச்சு நல்லா காய விடுங்க. துரு மிச்சமிருந்தா உப்புத்தாளால லேசா தேய்ங்க.
• கடைசியில சோப்பு போட்டுக் கை கழுவுங்க.

7/ முழுசா தீர்ந்த கட்டை உள்ளேயே கிடந்தா கசியும். பழசையும் புதுசையும் சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். உபயோகிக்காதப்போ கழட்டி வைங்க. அம்மாவோட சுகர் மெஷின், பிபி மெஷின், சுவர்க் கடிகாரம் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

8/ கசிஞ்ச கட்டையை அடுப்புல போடாதீங்க, வெடிக்கும். குழந்தைங்க கைக்கும் எட்டக் கூடாது.

9/ இன்னைக்கு ராத்திரி ஊர்ல அப்பாவுக்கு போன் பண்றப்போ, "சாப்பிட்டீங்களா"வோட சேர்த்து "டார்ச் எரியுதா"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.