சமுத்திர அளவுகளுக்குப் பொதுப் பெயர் வேண்டும்

வங்காள விரிகுடாவின் ஆழ்நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவின் அளவு 2 என்று ஒரு பழைய பதிவேடு கூறுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று அதற்குப் பொருளானால், மீன்கள் அவ்விடத்தை விட்டு விலகத் தொடங்கும் நிலை அது. லிட்டருக்கு 2 மில்லிலிட்டர் என்றால் அதுவே ஏறத்தாழ 2.9 மில்லிகிராமாகி, நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றாகிவிடும்; கிலோகிராமுக்கு 2 மைக்ரோமோல் என்றாலோ, அங்கே பிராணவாயு அநேகமாக இல்லை என்றே கொள்ள வேண்டும். மூன்று வழக்கங்களும் விஞ்ஞானிகளிடையே இருந்து வந்தவைதாம். பெரும்பொருட் செலவில் கப்பல் அனுப்பி எடுத்த ஓர் அளவு, பக்கத்தில் எழுதப்படாத ஒரு சொல்லால் பயனற்றுப் போகிறது.

அலகு விடுபட்ட குற்றத்தையாவது அநுபவசாலி ஒருவர் ஊகித்துத் திருத்திவிடலாம். பெயர் ஒன்றாக இருந்து பொருள் வேறாகும்போது நேரும் தீங்கு அதனினும் பெரிது. 'நைட்ரேட்' என்ற தலைப்பின்கீழ் ஒரு பரிசோதனைச்சாலை அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் நிறுத்து எழுதுகிறது. மற்றொன்று நைட்ரேட் முழுவதையும் நிறுத்து எழுதுகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதமோ ஏறக்குறைய நாலரை மடங்கு. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவின் கதை இன்னும் விசித்திரமானது. கடல்நீருக்கென்று நான்கு அளவுகோல்கள் வழங்கி வருகின்றன. அவற்றுள் பழைய அமெரிக்கத் தரக்கரைசல்களை ஆதாரமாகக் கொண்டதற்கும், இன்று பெரிதும் கையாளப்படும் 'மொத்த' அளவுகோலுக்கும் இடையே ஏறக்குறைய 0.1 வித்தியாசம் உண்டு. கைத்தொழில் யுகம் தொடங்கியது முதல் மனிதன் வெளியிட்ட கரியமிலவாயுவால் உலக சமுத்திரங்களின் மேற்பரப்பில் நேர்ந்துள்ள பி.எச். வீழ்ச்சியும் ஏறக்குறைய அதே 0.1 தான். அளவுகோலைக் குறிப்பிடாத ஒரு பட்டியலைக் கொண்டு, ஒரு நூற்றாண்டின் மாறுதலை மெய்ப்பிக்கவும் செய்யலாம், மறைக்கவும் செய்யலாம்!

இத்தகைய விஷயங்களில் உலகம் ஒன்றுபட இயலாது என்பாருக்குச் சரித்திரமே விடை கூறும். 1901-ல் வெளிவந்த, டென்மார்க் விஞ்ஞானி க்னுட்சனின் அட்டவணைகளையும், கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துக் கோபன்ஹேகனிலிருந்து அனுப்பப்பெற்ற தரக் கடல்நீரையும் பல தேசத்து ஆராய்ச்சியாளர் ஏற்றுக்கொண்டதால்தான், உப்புத்தன்மை பற்றிய நீண்டகாலப் பதிவுகளை இன்றும் ஒன்றோடொன்று வைத்து நோக்க முடிகிறது. உப்புக்கு அன்று காட்டிய விவேகத்தை மற்றப் பொருள்களுக்குக் காட்ட ஏன் இத்தனை தயக்கம்?

கருவியும் இப்போது கைவசம் உண்டு. லிவர்பூலிலுள்ள பிரிட்டிஷ் சமுத்திரவியல் தரவு மையம் பராமரித்து வரும் சொற்களஞ்சியத்தில், எப்பொருள், நீரில் கரைந்ததா அல்லது மிதக்கும் துகளில் ஒட்டியதா, எம்முறையால் அளக்கப்பட்டது என்ற விவரங்களையெல்லாம் அடக்கிய குறியீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஐரோப்பிய நாடுகள் தங்கள் கடல்களின் ரசாயன விவரங்களை ஒன்றுதிரட்டும்போது இதையே கையாளுகின்றன. குறியீடுகள் மிகுந்து போனதால் தேர்ந்தெடுப்பவர் மலைத்துப்போகிறார் என்ற முறையீட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் நுண்ணிய பெயர்களை இனம்பிரித்துக் காட்டும் விரிந்த தொகுதிகளும் அதிலேயே உள்ளன.

பொதுப் பெயர் சுமத்தினால் நுட்பமான வேறுபாடுகள் அழிந்துவிடும் என்று அஞ்சும் ஆராய்ச்சியாளரும் உளர். அவர்தம் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. பழைய எண்ணை அழித்துவிட்டு மாற்றிய எண்ணை எழுதச் சொல்லவில்லை. அளந்தவர் அளந்தபடியே இருக்கட்டும், அதனருகே பொதுக்குறியீடும் முறையும் அலகும் நிற்கட்டும் என்பதே கோரிக்கை. குமாஸ்தா வேலையென்று இதை இகழ்வோரிடம் மட்டும் நமக்கு அநுதாபம் இல்லை. எதை அளந்தோம் என்று ஐயமறச் சொல்வது அளத்தலின் ஒரு பகுதியே. அதைப் பயணம் முடிந்து பல மாதங்கள் கழித்து, கப்பலில் கால் வைத்தறியாத ஒருவர் தலையில் கட்டுவது முறையன்று. அத்துடன், இக்களஞ்சியங்களைப் பேணும் சிலர் தவணை தவணையாக வரும் மானியங்களை நம்பி வாழ்வது தகாது. அவர்களது பணிக்கு நிரந்தர நிதி வேண்டும்.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்துமகா சமுத்திர ஆராய்ச்சியின் பயனாகவே கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் 1966-ல் தோன்றிற்று; இன்று தேசிய சமுத்திரத் தரவு மையமாக விளங்குவது ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம். பொதுமக்கள் பணத்தில் நடைபெறும் எந்தக் கடல் ஆய்வும் தன் ரசாயன அளவுகளைப் பொதுக்குறியீட்டுடன் ஒப்படைத்தாலன்றி இறுதித் தவணை வழங்கப்படலாகாது என்ற நிபந்தனையைப் புவி அறிவியல் அமைச்சகம் தனது மானிய விதிகளில் தாமதமின்றிச் சேர்க்க வேண்டும்.