புற்றுநோய் தீர்ந்த பின்னும் தேவை கண்காணிப்பு

நிணநீர் மண்டலத்தில் தோன்றும் ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் புற்றுநோய் இன்று பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியதாக இருப்பினும், கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களின் தைராய்டு சுரப்பி பல ஆண்டுகள் கழித்தும் பாதிப்புறக்கூடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் சிகிச்சை பெற்ற 1,787 பேரை ஆராய்ந்து 1991-இல் வெளியான ஆய்வு, 20 ஆண்டுகளுக்குள் தைராய்டு நோய் தோன்றும் வாய்ப்பை 52 விழுக்காடு என மதிப்பிட்டது. அவற்றுள் மிகுதியானது, ஹார்மோன் போதிய அளவு சுரக்காத குறைபாடே ஆகும். சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை ஆகிய அதன் அறிகுறிகள் பழைய நோயின் களைப்பாகவே கருதப்பட்டுவிடுவதால், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவை ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையால் அறிவதும், குறைபாடு உறுதியானால் லெவோதைராக்சின் மாத்திரையால் அதனை ஈடுசெய்வதும் இன்றியமையாதவை. பெற்ற கதிர்வீச்சின் இடம், அளவு, தொடர்பரிசோதனைக் காலம் ஆகியவற்றை நோயாளியிடம் எழுத்தில் தருவதை மருத்துவமனைகள் கடமையாகக் கொள்ள வேண்டும்.